சைக்கிளைக் கொடுத்து வாங்கிய குட்டைக் கிட்டார்

எனக்கு அபாரமான காது என்று ஒரு மனிதர் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் அவர் ஒருவர்தான் சொன்னார், அதுவும் ஒரே ஒரு தடவை. சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பாராட்டு என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். அது பாராட்டு இல்லை, திகில் என்று எனக்குப் புரியவைக்கக் குற்றாலத்தில் ஒரு கூட்டமே கூட வேண்டியிருந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி. பி.யூ.சி. பரீட்சை எழுதிவிட்டுத் தென்காசியில் வீட்டோடு இருந்தேன். பரீட்சை முடிவு வர வேண்டும், மீசை வர வேண்டும், வாழ்க்கையில் ஏதாவது ஒரு விசேஷம் வர வேண்டும். முதல் இரண்டும் என் கையில் இல்லை. மூன்றாவதை நானாகவே தேடிப் போய் இழுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு முந்தைய வருஷமே அதன் விதை விழுந்துவிட்டது. செங்கோட்டையில் ஓர் எஸ்டேட்காரர் வீட்டுக் கல்யாணம். கொச்சியிலிருந்து பேண்டு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு நானும் வடகரை சாகுலும் ஒரே சைக்கிளில் போனோம். (அழைப்பா? யார் கொடுத்தார்கள்!) சாகுல் பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன். கைக்கு எது கிடைத்தாலும் தாளம் போடுவான். தலைமையாசிரியர் திட்டிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மேசையில் தாளம் போட்டு, அதற்காகத் தனியாகத் திட்டு வாங்கியவன். கல்யாண வீட்டு வாசலில் நின்ற ஆள் எங்கள் செருப்பைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். நாங்கள் மரியாதையாக மதிலுக்கு வெளியே போய் நின்றுகொண்டோம்.

உள்ளே ட்ரம்பெட் முழங்கியது. யாரோ இங்கிலீஷில் பாடினார்கள். நன்றாகத்தான் இருந்தது. கால் வலிக்கிறதே என்று மதிலில் முதுகைச் சாய்த்தேன்.

சுவர் பாடியது.

இதை வேறு மாதிரிச் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை. காதுக்கு வராத ஒரு சத்தம், கல் வழியாக முதுகில் ஏறி, விலா எலும்புகளைத் தடவிக்கொண்டு வந்து அடிவயிற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பாடுகிறவன் மேலே மேலே போகும்போதெல்லாம் அது கீழேயே நின்று, "நீ போயிட்டு வா, நான் இங்கனதான் இருக்கேன்" என்று சொல்வது போல இருந்தது. என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (சாரல் என்று சாகுலிடம் சொன்னேன். அன்றைக்குச் சாரலே இல்லை.)

எம்பிக் குதித்துப் பார்த்தேன். மூலையில் ஒல்லியான ஒருவர், நீளக் கழுத்தும் நாலே தந்தியும் உள்ள ஒரு கிட்டாரை அணைத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் குதித்தால் மதிலுக்கு மேலே கிட்டார் வரைதான் தெரிந்தது. அவர் காலடியில், அலமாரி மாதிரி ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்திருக்கிறது. அது மதிலுக்குக் கீழே மறைந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் உயரமாக நான் பிறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

"அது பேரு பேஸ் கிட்டார்லே," என்றான் சாகுல். அவனுடைய வாப்பா கொழும்பில் வியாபாரம் செய்தவர். அதனால் இந்த மாதிரி விஷயங்களில் அவன் சொன்னதுதான் தீர்ப்பு.

அந்த வருஷம் முழுவதும் நான் சுவர் சுவராகச் சாய்ந்து திரிந்தேன். அரிசி மில் சுவரில் சாய்ந்தால் ஏதோ கொஞ்சம் கிடைத்தது, ஆனால் தவிடு வாசனையோடு. ரயில் என்ஜின் வரும்போது ஸ்டேஷன் தூணைக் கட்டிப் பிடித்தேன். போர்ட்டர் விசாரித்தார். எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டுபிடித்தவள் கோமதி அக்கா. எனக்கு மூத்தவள். நாக்கில் சுக்கு வைத்துப் பிறந்தவள்.

"ஏலே சம்முவம், கண்ட சுவத்துல எல்லாம் எதுக்குலே சாஞ்சிக்கிட்டு நிக்க? சுவரு விழுந்துருமுன்னு முட்டுக் குடுக்கியா?"

"ஒண்ணுமில்லக்கா. சத்தம் கேக்கேன்."

"சுவருக்குள்ள யாரு இருக்கா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. சொன்னால் வைத்தியரிடம் கூட்டிப் போவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் இசக்கி அண்ணாச்சி மெல்லிசைக் குழு ஆரம்பித்தார். மைக்செட் கடை வைத்திருந்தவர். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் தென்னைமரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டித் தெருவையே எழுப்பிவிடுவார். அடுத்தவர் பாட்டைப் போட்டுப் போட்டு அலுத்துப்போய், நாமே பாடினால் என்ன என்று தோன்றிவிட்டது. ஆர்மோனியம் அவர், தாளத்துக்குப் பாங்கோஸ் சாகுல். நானும் போய் நின்றேன். பாடச் சொன்னார். பாடினேன். மைக்கை மெதுவாக அணைத்தார்.

"தம்பி, உனக்கு எடம் தாரதுக்கு எனக்கும் ஆசதான். ஆனா நீ பாடுனா கல்யாண வீட்டுக்காரன் எனக்குச் சாப்பாடு போட மாட்டானே."

பேஸ் கிட்டார் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அது இருந்தா குழுவுக்கே ஒரு கம்பீரம்லா! கொண்டா, ஒனக்கு மேடையில எடம் உண்டு. செங்கோட்டையில ஒரு கல்யாண ரிசப்ஷன்தான் நம்ம மொதக் கச்சேரி. அதுக்குள்ள கிட்டார் வரலன்னு வையி, நீ ஸ்டாண்டுதான் தூக்கணும்."

செங்கோட்டை! மதிலுக்கு வெளியே நின்ற அதே ஊரில், மதிலுக்கு உள்ளே, மேடையில். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (இறங்கியது. ஆனால் ருசி தெரியவில்லை.)

அண்ணாச்சி என் கையை வாங்கிப் பார்த்தார். எங்கள் குடும்பத்துக்கே கை சின்னது. அப்பா கணக்கு வாத்தியார். அவரிடம் அடி வாங்கும் பையன்கள் வெளியே வந்து சிரிப்பார்கள். "பெருசு ஒனக்கு எட்டாதுப்பா. அதுலயே கழுத்துக் குட்டையா ஒண்ணு வருதாம். அதப் பாரு. ஆனா ஒண்ணு, தட்டிப் பாத்து, வாசிச்சுப் பாத்து, சத்தத்தக் காதாலக் கேட்டு வாங்கு. ஏமாந்துராத."

பானையோ தேங்காயோ பலாப்பழமோ, எதையும் தட்டிச் சத்தம் கேட்டு வாங்குகிற ஊர் எங்களுடையது. அதனால் இந்த அறிவுரை எனக்குப் புதிதாகப் படவில்லை. அந்தத் தைரியம்தான் கெடுத்தது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் சாகுல் செய்தி கொண்டுவந்தான். "கொல்லத்துக்காரர் ஒருத்தரு லாட்ஜுல தங்கியிருக்காரு. பேரு தாமஸ். அவருகிட்ட ரெண்டு பேஸ் கிட்டார் இருக்காம். விக்கப் போறாராம். நாளைக்கு ரயிலேறிருவாராம்லே, ஓடு!"

ஓடினேன். அதாவது, சைக்கிளை மிதித்தேன். அந்தச் சைக்கிள் நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதற்கு மாமா வாங்கித் தந்தது. பெல், டைனமோ, கேரியர் எல்லாம் உண்டு. என்னிடம் விலை போகக்கூடிய பொருள் உலகத்தில் அது ஒன்றுதான்.

அந்த வருஷம் சாரல் கொட்டித் தீர்த்தது. பேரருவியில் தண்ணீர் கட்டுக்கு அடங்காமல் விழுந்ததால் குளிக்க விடவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்ட கூட்டம் பளபளவென்று வரிசையில் நின்று, எப்போது தண்ணீர் குறையும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. தாமஸ் தங்கியிருந்த லாட்ஜ் அருவிக்கு நேர் எதிரே. மாடி அறை. சன்னல் கண்ணாடி விடாமல் கிலுகிலுத்தது. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் தானாகவே நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. அவர் பழகிப்போன கையால் அதைத் திரும்ப நடுவில் தள்ளிவைத்தார். (இதையெல்லாம் நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோசனம்?)

ஏன் விற்கிறார் என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். அந்த அறையில் கத்தாமல் எதையும் கேட்க முடியாது.

"லாட்ஜ் முதலாளி சீசனுக்குப் பாட்டு வைக்கணும்னு எங்க பேண்டைக் கூட்டி வந்நு," என்றார் அவர், பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக. "ரண்டு திவசம் வாசிச்சோம். ஒருத்தனுக்கும் ஒந்நும் கேட்டில்ல. போகச் சொல்லிட்டான்." சன்னலுக்கு வெளியே விழுந்துகொண்டிருந்த அருவியைக் கை காட்டினார். "இவிடெ முன்னாடியே ஒரு பேண்டு உண்டு, மோனே."

நான் மரியாதைக்குச் சிரித்தேன். இந்த இடத்தில் எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். அதுவும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கும் போல.

கட்டிலில் இரண்டு கிட்டார்கள் படுத்திருந்தன. பெரியது தேன் நிறத்தில் ராஜா மாதிரி இருந்தது. அதைத்தான் முதலில் மடியில் வைத்தேன். இடது கையை அதன் கழுத்தின் நுனிக்கு நீட்டினேன். எட்டவில்லை. இன்னும் நீட்டினேன். கை போன திசையில் கிட்டாரும் போனது. நான் அதைத் துரத்தினேன். கட்டில் முடிந்துவிட்டது. தாமஸ் என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே தூக்கினார்.

"இது வேண்டாம். இதை நீங்கள் வாசிக்கில்ல, இது உங்களெ வாசிக்கும்."

பிறகு சின்னதை எடுத்துக் கொடுத்தார். கல்கத்தாவில் யாரோ செய்ததாம். செங்கல் நிறச் சாயம், ஓரத்தில் உரிந்திருந்தது. கழுத்து குட்டை. பெரியதற்குப் பக்கத்தில் வைத்தால் கடைசிப் பிள்ளை மாதிரி இருந்தது. மடியில் வைத்தேன். விரல்கள், போய் உட்கார வேண்டிய இடத்தில், யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்தன. எனக்குத் தைத்த சட்டை எல்லாமே வளருகிற பையன் என்று ஒரு பிடி பெரிதாகத் தைத்ததுதான். என் அளவுக்கு என்று இந்த உலகத்தில் நான் கண்ட முதல் பொருள் அந்தச் செங்கல் நிறக் கிட்டார்.

மனசு அப்போதே விழுந்துவிட்டது. ஆனாலும் ஏமாறக்கூடாது அல்லவா? ஊர் வழக்கப்படி முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். "டொக்." கட்டி மரம். பலாப்பழமாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் சாக்கில் சுற்றி வைக்கச் சொல்லியிருப்பேன். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தடித்த தந்தியைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டேன்.

வந்தது.

கட்டில் வழியாக, தரை வழியாக, மடியில் இருந்த மரத்தின் வழியாக, அதே சத்தம். விலாவைத் தடவிக்கொண்டு வந்து அடிவயிற்றில் அதே இடத்தில் உட்கார்ந்தது. ஒரு வருஷமாக அரிசி மில்லிலும் ரயில்வே தூணிலும் நான் தேடிய ஆள், "இங்கனதான் இருக்கேன்" என்றது.

"மோனே, கரண்ட் இல்லாதெ இது கேக்காது," என்றார் தாமஸ். "ஆம்பிளிஃபயர் வேணம். எங்களோடது வாடகைக்கு எடுத்தது, தந்தவன் திரும்பக் கொண்டுபோயி."

"கேக்குதே!"

"எந்து?"

"கேக்குது சார். நல்லாக் கேக்குது."

"இப்போழோ?"

"இப்பத்தான் சார்! இன்னும் நிக்கல பாருங்க. எப்பிடி இழுக்குது!"

தாமஸ் குனிந்து கிட்டாரின்மேல் காதை வைத்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்து மற்றக் காதை வைத்தார். பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "உங்களுக்கு அபாரக் காதாணு," என்றார்.

நேர்மையான மனிதர். தென்காசிக்கு எடுத்துப் போய் யாரிடமாவது காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாமே என்றுகூடச் சொன்னார். அதற்குள் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? அவசரமாகச் சைக்கிள் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தேன். கொல்லத்தில் அவருடைய தம்பி தலைச்சுமையாக ரொட்டி விற்கிறாராம். சைக்கிள் என்றதும் தாமஸுக்கும் கண் பளிச்சென்றது. கீழே வந்து, டயரை அழுத்திப் பார்த்து, பெல்லை ஒரு தடவை அடித்தார். அருவிச் சத்தத்தையும் மீறிக் கணீரென்று கேட்டது.

"இதுக்கு ஆம்பிளிஃபயர் வேண்டா," என்றார்.

தென்காசிவரை நடந்தேன். சாரலில் நனையாமல் இருக்கக் கிட்டாரைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டிருந்தேன். சீசன் நேரம். வழியெல்லாம் பழக் கடை. "தம்பி, பலாப்பழம் என்ன வெலைக்கு முடிஞ்சுது?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு கடைக்காரர் கூடவே நடந்து வந்து சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏமாத்திட்டான்யா. இது காய்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றார்.

"சைக்கிள் எங்கலே?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"கொல்லத்துல ரொட்டி விக்கவருக்கு."

அப்பா விடை சரியாக வராத கணக்கைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் சாக்கைப் பிரித்து, அம்மாவையும் அக்காவையும் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடித்த தந்தியை இழுத்தேன்.

"டுக்."

மறுபடியும் இழுத்தேன். "டுக்." பல்லி உச்சுக்கொட்டியது. அதுகூடக் கிட்டாரைவிடக் கணீரென்று கேட்டது.

அம்மா இரக்கப்பட்டாள். "சாரல்ல நனைஞ்சிருக்கும்லா. தொண்ட கட்டிருக்கும்." சாம்பிராணி போட்டுப் புகை காட்டினாள். எங்கள் வீட்டில் குற்றாலம் போய்வந்த எல்லாருக்கும் நடக்கிற வைத்தியம்தான். கிட்டாருக்கு இருமல்கூட வரவில்லை.

"ஏலே, தெரியாமத்தான் கேக்கேன்," என்றாள் அக்கா. "வாங்கும்போது இது பேசிச்சா?"

"பேசிச்சுக்கா! நல்லாக் கேட்டுது!"

"அப்ப நம்ம வீடு புடிக்கல போல."

மரம் ஈரத்தில் ஊதிவிட்டது, காய்ந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி கடைக்கு ஒத்திகைக்குப் போனேன். "டுக்," என்றது. குழுவே கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்டது. அண்ணாச்சி கிட்டாரைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் இருந்த ஓட்டையைக் கண்டதும் சிரித்தார்.

"அட, இதுக்குக் கரண்ட் குடுக்கணும்லா. வயரக் கொண்டாங்கலே, ஆம்பிளிஃபயர்ல குத்துவோம்."

அந்த நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். நான் எழுந்து நின்றேன். "வேண்டாம் அண்ணாச்சி. கரண்ட் குடுத்தா அதோட இயற்கையான குரல் போயிரும்."

"எங்கனப்பா இருக்கு இயற்கையான குரலு? டுக்குன்னுதான கேக்குது."

"குத்தாலத்துல கேட்டுது அண்ணாச்சி. கரண்ட் இல்லாமலே கேட்டுது. நான் பொய்யா சொல்லுதேன்? எல்லாரும் வாங்க, அங்கன வச்சு வாசிச்சுக் காட்டுதேன்!"

சீசன் நேரத்தில் தென்காசிக்காரனைக் குற்றாலத்துக்கு வா என்று சொன்னால் காரணம் கேட்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குழுவும் துண்டோடு பஸ் ஏறியது. "நானும் வாரேன்," என்று அக்காவும் சேர்ந்துகொண்டாள். "குளிச்ச மாதிரியும் ஆச்சு, கேட்ட மாதிரியும் ஆச்சு."

குளிக்க அன்றும் விடவில்லை. அதனால் பேரருவிக்கு எதிரே எண்ணெய்க் கூட்டம் வேறு வேலை இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. நான் சாக்கைப் பிரித்ததும் வட்டமாகச் சூழ்ந்துகொண்டது. கல் மேடையில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்து, கண்ணை மூடி, தந்தியை இழுத்தேன்.

வந்தது! தடையில்லாமல், பழைய கம்பீரத்தோடு, கல்லின் வழியாக ஏறி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "கேக்குதா?" என்று கத்தினேன்.

"ஆமாய்யா, கேக்குதுய்யா!" என்றார் எண்ணெய் வழிய நின்ற ஒருவர். மதுரைப் பக்கத்துக்காரர். அவர் சொன்னதும் இன்னும் நாலைந்து பேர், "கேக்குது, கேக்குது" என்று தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் தொடையில் தாளமே போட ஆரம்பித்துவிட்டார். நான் அண்ணாச்சியை வெற்றிப் பார்வை பார்த்துவிட்டு வாசித்தேன். தெரிந்ததை வாசித்தேன், தெரியாததையும் வாசித்தேன். எதை வாசித்தாலும் நன்றாக இருந்தது. அதிலாவது சந்தேகம் வந்திருக்கலாம்.

சாகுல் என் காதருகே குனிந்தான்.

"லே, கைய எடு."

"ஏன்?"

"கைய எடுலே, பாப்போம்."

எடுத்தேன்.

"இப்பக் கேக்குதா?"

கேட்டுப் பார்த்தேன். கேட்டது. அதே சத்தம், அதே இடத்தில், ஒரு குறையும் இல்லாமல்.

"கேக்குது," என்றேன்.

"யாரு வாசிக்கா?"

நான் கையைத் திரும்பத் தந்தியில் வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். பிறகு மெதுவாக நிமிர்ந்து எதிரே பார்த்தேன். வெள்ளை வெளேரென்று மலையைப் பிளந்துகொண்டு, யாரைப் பற்றியும் கவலையில்லாமல், பேரருவி வாசித்துக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்து எண்ணெய்க் கூட்டம். சிரிக்கிற எண்ணெய்க் கூட்டத்தைப் போலப் பளபளப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை. மதுரைக்காரர் மட்டும் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார். (அந்த மனிதர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.) அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, வாசிப்பு நல்லாத்தான் இருக்கு," என்றவர், அருவியைக் கை காட்டினார். "ஆனா கல்யாண வீட்டுக்கு இத எப்பிடித் தூக்கிட்டுப் போறதுன்னுதான் யோசிக்கேன்."

சிரிப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவமானம் கொஞ்ச நேரம்தான் சுடும். ஆனால் என் விரலிலிருந்து வந்தது என்று நான் நம்பிய அந்தச் சத்தம் என்னுடையது இல்லை என்பது எனக்கு விளங்கவே மாட்டேன் என்றது. கிட்டாரைச் சாக்கில் சுற்றும்போதுகூட அது என் அடிவயிற்றில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அண்ணாச்சி நல்லவர், சொன்ன சொல் தவறாதவர். வயரைப் போட்டு, தன் ஆம்பிளிஃபயரில் குத்தி, செங்கோட்டைக் கல்யாணத்தில் என்னை மேடையில் ஏற்றினார். வேஷ்டி சட்டை சலவை, நெற்றியில் விபூதி, மடியில் என் செங்கல் நிறக் குட்டைக் கிட்டார். தந்தியை இழுத்தேன். தென்னைமரத்துக் கூம்பு ஸ்பீக்கரிலிருந்து, தயிர்ச் சட்டியைக் கரண்டியால் தட்டினாற்போல, "ணிங்" என்றது.

"தெருக்கோடிக்குக் கேக்கச் செஞ்ச சாமான்லா இது," என்றார் அண்ணாச்சி, பாட்டுக்கு நடுவே என் பக்கம் சாய்ந்து. "மேல உள்ளதத்தான் கொண்டுபோகும், கீழ உள்ளதக் கொண்டுபோகாது. அதுக்கு அலமாரி கணக்கா பெட்டி வேணும். திருநெல்வேலி வரைக்கும் தேடியாச்சு, இல்ல. விடு, நீ வாசி."

வாசித்தேன். கச்சேரி முழுவதும் ணிங், ணிங் என்று வாசித்தேன். அந்த வீட்டுக்கும் ஒரு மதில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் சாகுல் பாங்கோஸை வைத்துவிட்டு இறங்கிப் போய், ஒன்றுக்குப் போகிறவன் மாதிரி அந்த மதிலோரம் நின்றான். "வாசிலே," என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்தான். நான் தடித்த தந்தியை என் பலம் எல்லாம் கூட்டி இழுத்தேன். அவன் கொஞ்ச நேரம் சாய்ந்தே நின்றான். பிறகு வந்து, பாங்கோஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பந்தியில பாயசம் நல்லாருக்காம்லே," என்றான்.

நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

பரீட்சையில் தேறினேன், மீசை வந்தது, வேலையும் வந்தது. குழு கலைந்தது. கிட்டார் இன்னும் என் அறையில் தொங்குகிறது. ஆனால் குடும்பத்தில் என்னைவிடப் பேர் வாங்கியது சாகுல் சொன்ன அந்த வாசகம்தான். கல்யாணமாகிப் போன வீட்டுக்கு அக்கா அதைச் சீர்வரிசையோடு கொண்டுபோனாள். அத்தான் ஒருநாள், "இந்தக் கடை என்னாலதான் ஓடுது" என்று மார்தட்டினாராம். "கைய எடுங்க, பாப்போம்," என்றாளாம் அக்கா. அத்தான் கும்பகோணத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த நாளெல்லாம் கடை பிரமாதமாக ஓடியது. அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் யாரும் நிம்மதியாகப் பெருமை அடித்துக்கொள்ள முடியவில்லை. மருமகள் சொல்கிறாள், பேரப் பிள்ளைகள் சொல்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கிற அக்கா பேத்தி, தன் மேலதிகாரியிடமே சொல்லிவிட்டு வந்தாளாம். அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாதது அவள் அதிர்ஷ்டம்.

எங்கள் ஊர்ப் பக்கமும் இப்போது அலமாரிப் பெட்டிகள் வந்துவிட்டன. கோயில் கொடைக்கே தரை அதிருகிறது. ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்துக் கிட்டாரைக் குத்திப் பார்த்தால் என்ன என்று மகன் கேட்கிறான். பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதைவிட அது ஒரு இம்மி குறைவாக இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

அதனால் வருஷா வருஷம் சாரல் விழுந்ததும் குற்றாலம் போய்விடுகிறேன். அக்காவும் கூட வருகிறாள். பேரருவிக்கு எதிரே அந்தக் கல் மேடை இருந்த இடத்துக்குப் பக்கமாக உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டு, துண்டுக்குக் கீழே நாலு விரலை மெதுவாக அசைப்பேன். அருவி வாசிக்கும். அக்காவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது என்கிறார்கள், ஆனால் இது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

"ஏலே சம்முவம்!" என்று அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் கத்துவாள். "கைய எடுலே, பாப்போம்!"

எடுக்கமாட்டேன்.